மெரூன் நைட்டிக்கு ஒரு பூக்கூடை

என் மகள் அன்று காலை கூடை நிறையப் பூவோடு போனாள். நான் ஊற்றி வைத்திருந்த சாயா ஆறுவதற்குள், கைப்பிடி அறுந்த வெறும் கூடையோடு திரும்பி வந்தாள். அழவில்லை. கூடையைத் தையல் மெஷின்மேல் வைத்துவிட்டு, "அம்மா, நம்ம பாண்டியா?" என்று கேட்டாள்.

நான் ஒரு சுரிதாருக்குக் கழுத்துப்பட்டி வைத்துக்கொண்டிருந்தேன். கால் பெடலிலிருந்து தானாக இறங்கிவிட்டது.

"ஆரு சொன்னா?"

"மூலைவீட்டுச் சேச்சி."

மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் போகும் ஒரு சந்தில்தான் அப்போது குடியிருந்தோம். என் மாமனார் கொச்சி கார்ப்பரேஷனில் துப்புரவு வேலைக்கு வந்தவர். என் கணவர் அதே கார்ப்பரேஷனில் லாரி ஓட்டுகிறார். நான் கல்யாணமாகித் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவள். வீட்டிலேயே பிளவுஸும் சுரிதாரும் தைக்கிறேன். மகள் இங்கேயே பிறந்து, மலையாளப் பள்ளிக்கூடத்தில் நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். தமிழர்களைப் பழித்துச் சொல்லும் அந்த வார்த்தை இந்த ஊரில் உண்டு என்பது எனக்கு வந்த வருடமே தெரிந்துவிட்டது. அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

நடந்ததைத் துண்டு துண்டாகச் சொன்னாள். ஓணம் வந்தால் அத்தம் நாள் தொடங்கி தினமும் எங்கள் சந்து முனையில், குடியிருப்போர் சங்கத்தின் தகரக்கூரை ஹாலுக்கு முன்னால் பூக்களம் என்ற பூக்கோலம் போடுவார்கள். செண்டுமல்லியும் வாடாமல்லியும் கடையில் வாங்குவது. அதெல்லாம் எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து லாரியில் வருவதுதான். அதைப் பாண்டிப் பூ என்று யாரும் தள்ளி வைத்ததில்லை. ஆனால் களத்தின் நடுவட்டம் மட்டும் வீட்டுப் பூவாக இருக்கவேண்டும் என்று மூலைவீட்டுச் சேச்சி ஒரு வழக்கம் வைத்திருந்தார். அவர்தான் சங்கத்தின் மகளிர் பிரிவுச் செயலாளர். பிள்ளைகள் ஆளுக்கொரு சின்னக் கூடையில் கொஞ்சம் பூ கொண்டுபோவார்கள். அவர் ஒவ்வொரு கூடையாகத் திறந்து பார்த்து வாங்குவார்.

என் மகளின் கூடையில் எங்கள் தொட்டிச்செடியின் இட்லிப்பூவும், வேலியோரத்துக் காசித்தும்பையும் இருந்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு அடுக்குச் செம்பருத்தி. ரோஜாவைப் போல இதழ்மேல் இதழாக அடுக்கிய சிவப்புச் செம்பருத்தி எங்கள் சந்தில் ஒரே வீட்டில்தான் இருந்தது. ஓய்வுபெற்ற பள்ளி வாத்தியார் ஒருவரின் வீடு. எல்லோருக்கும் அவர் மாஷ். ரொம்ப நாளாகவே விடிவதற்குள் தன் வீட்டுப் பூவை யாரோ பறித்துப்போகிறார்கள் என்று மாஷ் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் நாலைந்து வீட்டிலும் அதே புகார். கள்ளனைப் பிடித்துத் தருவதாக ஏற்றுக்கொண்டிருந்தவர் யார் என்றால், இதே மூலைவீட்டுச் சேச்சிதான்.

"இது எங்கேர்ந்து கட்டெடுத்தே?" என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் கேட்டிருக்கிறார்.

"கட்டெடுக்கல்ல. வழியில கெடந்தது."

"பாண்டிகள்டெ சீலம். கண்டதெல்லாம் எடுக்கணும்."

கூடையை அப்படியே ஓடையில் கவிழ்த்திருக்கிறார். அவள் கையிலிருந்து பிடுங்கியதில் கைப்பிடி அறுந்திருக்கிறது. பூக்களத்தில் இனி கைவைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்களாம்.

"எந்த வழியில கெடந்தது மோளே?"

"சேச்சி வீட்டு கேட்டுக்கு முன்னாடித்தான், அம்மா. ஈரமா இருந்துச்சு. நல்ல பூவாச்சேன்னு எடுத்தேன்."

அதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ ஒன்று சில்லென்று உறைந்துபோனது. கோபம் என்றால் சூடு என்று சொல்வார்கள். எனக்கு அன்று வந்தது சூடாக இல்லை.

ஏனென்றால் பூக்கள்ளன் யார் என்பது எனக்குத் தெரியும். எங்கள் சந்தில் பைப்பில் தண்ணீர் விடியுமுன் வந்து விடிந்ததும் போய்விடும். இருட்டிலேயே எழுந்து குடத்தோடு பைப்படியில் நிற்பவள் நான். வருஷக்கணக்காக நான் பார்த்த காட்சி அது. மூலைவீட்டுச் சேச்சி மெரூன் நிறத்தில் வெள்ளைப் பொடிப்பூ போட்ட நைட்டியில், தோளில் தோர்த்துத் துண்டு போட்டுக்கொண்டு வருவார். ஒரு கையில் பால் கவர் வாங்கும் துணிப்பை. மறுகையில் மழை இல்லாத நாளிலும் ஒரு வளைந்த பிடிக் குடை. ஒவ்வொரு வீட்டு மதிலருகிலும் நின்று, குடையின் பிடியால் கிளையை இழுத்து, நாலு பூ பறித்துப் பையில் போட்டுக்கொள்வார். சாமிக்குத்தானே என்று நான் வாய் திறந்ததில்லை. பூவுக்காக ஒருத்தியைக் காட்டிக்கொடுப்பது அற்பம் என்று நினைத்திருந்தேன்.

அவர் பையிலிருந்து நழுவிய பூவை எடுத்ததற்குத்தான் என் மகள் கள்ளியானாள்.

நான் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பூக்களத்துக்கு யார் யார் என்னென்ன செய்யவேண்டும் என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். என்னை நிற்கவைத்துப் பேசி முடித்துவிட்டு, "எந்தா?" என்றார்.

"என் மோள் எடுக்கல சேச்சி. அது வழியில கெடந்த பூ."

"கள்ளம் செய்யற குட்டிகள் எல்லாரும் அதுதான் பறயும்." மலையாளமும் தமிழுமாக, எனக்குப் புரிகிற மாதிரி நிதானமாகவே பேசினார். "பிள்ளைய நல்லா நோக்கி வளர்க்கணும். நீங்க வாடகைக்குத் தாமசிக்கிறவங்க. எல்லாரும் பாக்கறாங்கன்னு ஓர்ம வேணும்."

நாங்கள் இருந்த வீடு அவருடைய ஆங்ஙளயுடையது. ஆங்ஙள என்றால் உடன்பிறந்த சகோதரன். அதைத்தான் எனக்கு நினைவுபடுத்தினார்.

அவருடைய தோளுக்குப் பின்னால் கதவு திறந்திருந்தது. உள்ளே சாமி படம். படத்தின் மேல், ஈரம் உலராமல், மூன்று அடுக்குச் செம்பருத்தி.

நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. அந்தக் கதவைச் சாத்திய கைதான் எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. என் மகள் சொன்னது நிஜம் என்று தெரிந்தே அவர் மறுபடி வந்து உட்கார்ந்தார்.

"சரி சேச்சி," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன். அவர் சோற்றில் கைவைத்தபடியே கேட்டார்.

"வெறுதே பிரச்சனை வேண்டாம்," என்றார். "அவுங்க ஆங்ஙள வீட்லதான இருக்கோம். நாளைக்கு மாறச் சொன்னா எங்க போவே?"

"நான் சண்டைக்கு எங்க போறேன்?"

"உன் மொகம் அப்படித்தான் இருக்கு."

அவர் பூப்பறிப்பதைப் போனில் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருக்கலாமே என்று பிறகு பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நினைக்காமல் இல்லை. ஆனால் படம் எடுத்தால் அது புகார். புகார் என்றால் கூட்டம் போடுவார்கள். அந்தக் கூட்டத்துக்கும் அவர்தான் தலைமை. சாமிக்கு நாலு பூ எடுத்தேன், அதற்கு இந்தப் பெண் இருட்டில் ஒளிந்து நின்று படம் பிடிக்கிறாளே என்று சொல்வார். எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு வேண்டியது நியாயம்கூட இல்லை. என் மகளைச் சுற்றி நின்றவர்கள் இவரைச் சுற்றி நிற்கவேண்டும். நின்று சிரிக்கவேண்டும். அவர் வாய் திறக்க முடியாமல் நிற்கவேண்டும். அது எப்படி என்றுதான் தெரியவில்லை.

வழியை அவரே காட்டிக் கொடுத்தார். ஓணக் கொண்டாட்டத்தன்று ஹாலில் பெண்களின் கைவேலைக் கண்காட்சி என்று வாட்ஸ்ஆப்பில் ஓர் அறிவிப்பு வந்தது. ஓணத்தைப் பற்றிய எதையும் செய்து வைக்கலாமாம். அனுப்பியவர் மகளிர் பிரிவுச் செயலாளர்.

மெஷினுக்கடியில் நான் ஒரு மூட்டை வைத்திருக்கிறேன். தைத்து மிச்சமான வெட்டுத்துணிகள் எல்லாம் அதில் கிடக்கும். அதைக் கவிழ்த்துக் கிளறினேன். இருந்தது. மெரூன் துணி, வெள்ளைப் பொடிப்பூ. அந்த நைட்டி நீளம் அதிகம் என்று சேச்சி என்னிடம்தான் கொடுத்துக் குறைக்கச் சொன்னார். வெட்டிய துண்டைத் திருப்பிக் கேட்கவில்லை.

மகளிடம் ஒரு பழைய பொம்மை இருந்தது. ஒரு சாண் உயரம். தலைமுடி பாதி கொட்டி, பரணில் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கினேன். மிச்ச முடியையும் வழித்துவிட்டு, சாம்பல் நிறக் கம்பளி நூலை ஒட்டி, பின்னால் தளர்ந்த கொண்டை போட்டேன். நைட்டி தைக்க வெகுநேரம் ஆகவில்லை. கழுத்தில் அதே பைப்பிங், கையில் அதே சுருக்கு. தோர்த்துக்கு ஒரு பழைய துண்டின் ஓரத்தைக் கரையோடு வெட்டினேன். ஒரு கொண்டை ஊசியை நிமிர்த்தி, கறுப்புத் துணி சுற்றி, நுனியை வளைத்தேன். மடக்கிய குடையாயிற்று.

கூடைதான் என்னைப் படுத்தியது.

நிஜத்தில் அவர் கொண்டுபோவது பால் பை. ஆனால் பையை வைத்தால் உள்ளே இருப்பது தெரியாது. ஓணம் என்ற சாக்கும் வேண்டும். அதனால் பூக்கூடைதான் என்று முடிவு செய்தேன். மருந்து பாட்டிலின் மூடியை வைத்து வட்டம் வரைந்து அடிப்பாகம் வெட்டினேன். பக்கத்துக்கு இரண்டு விரல் அகலப் பட்டி. வெளியே சணல் சாக்குத்துணி. உள்ளே லைனிங்குக்குக் கசவு என்ற பொன்னிறக் கரை போட்ட வேட்டித் துண்டு. முதலில் செய்தது நனைந்த அப்பளம் மாதிரி மடிந்து விழுந்தது. சாக்குத்துணிக்கு அந்த அளவில் நிற்கும் தெம்பு இல்லை. பிரித்துப் போட்டுவிட்டு, பிளவுஸ் கழுத்துக்கு வைக்கும் கேன்வாஸை இரண்டு துணிக்கும் நடுவில் கொடுத்தேன். இப்போது நின்றது. ஆனால் வட்டம் வட்டமாக வரவில்லை. மூலை மூலையாகத் துருத்தியது. மெஷினில் அவ்வளவு சின்ன வளைவைத் திருப்ப முடியாது என்று, மறுபடி பிரித்துக் கையாலேயே தைத்தேன். பட்டியின் ஓரத்தில் நெருக்க நெருக்கமாகச் சின்ன வெட்டுக் கொடுத்து, அடிவட்டத்தோடு பொடித்தையலாகச் சேர்த்துப் புரட்டியபோது உருண்டையாக உட்கார்ந்தது. மேலே பிரம்பு பின்னியது போலத் தெரிவதற்குத் தடித்த நூலை ஒன்றுவிட்டு ஒன்றாக, மேலும் கீழுமாக ஓட்டினேன். ஒவ்வொரு குத்துக்கும் மனதுக்குள் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டேன். அவற்றை இங்கே எழுத முடியாது.

கைப்பிடிக்குக் கம்பி வைத்து, கிராஸ் பட்டி சுற்றி, இரண்டு பக்கமும் நூலைக் குறுக்கே போட்டு இறுக்கினேன். பிடித்து இழுத்துப் பார்த்தேன். பொம்மையே தூக்கிக்கொண்டு வந்தது, கைப்பிடி வரவில்லை.

அடுத்தது பூ. அதற்குத் துணி என் மூட்டையில் போதவில்லை. போட்டில் எர்ணாகுளம் போய், பிராட்வே கடைத்தெருவின் நெருக்கடிக்குள் நுழைந்து, சாட்டின் ரிப்பன் ஒவ்வொரு நிறத்திலும் கொஞ்சம் வாங்கி வந்தேன். வாங்குவதற்கு முன்பே சந்தில் ஒரு நடை நடந்து, எந்த வீட்டில் எந்தப் பூ என்று சரிபார்த்து வைத்திருந்தேன். மாஷ் வீட்டு அடுக்குச் செம்பருத்தி. தையல் நூல் கடைக்காரர் வீட்டு மதிலில் படர்ந்த நீலச் சங்குப்பூ, உள்ளே வெள்ளைக் கோடு. நர்ஸ் அக்கா வீட்டு மஞ்சள் கோளாம்பிப்பூ, அதன் வாயை அகலமாக விரித்து வைத்தேன். இரட்டை மாடி வீட்டு வெள்ளை நந்தியாவட்டை. எங்கள் எதிர்வீட்டு அரளி, அதன் நிறம் ரோஜாவும் இல்லை பாலும் இல்லை, அதற்கு மட்டும் இரண்டு துணியைச் சேர்த்துத் திரித்தேன். எல்லாம் மிளகு அளவிலிருந்து பட்டாணி அளவு வரை. இதழ் நுனியை ஊதுபத்தி நெருப்பில் காட்டி, நூல் பிரியாமல் சுருள வைத்தேன்.

மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பூக்களத்துக்கு அவள் போகாமல் இருந்த நாட்கள் அவை. சந்து முனையில் பிள்ளைகள் கத்துவது வீட்டுக்குள் கேட்கும். அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்காருவாள்.

"இது ஆரும்மா?"

"ஒரு சேச்சி."

"குடை எதுக்கு?"

"மழை வந்தா?"

பொம்மையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். நைட்டியைப் பார்த்தாள், கொண்டையைப் பார்த்தாள். கூடைக்குள் விரலை விட்டு அந்தச் செம்பருத்தியை எடுத்துப் பார்த்தாள். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பூவெல்லாம் விழாம தச்சு வையி அம்மா," என்றாள். ஒவ்வொன்றையும் உள்ளே தைத்து வைத்தேன்.

என் கணவர் வந்து பார்த்தார். முதலில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு முகம் மாறியது.

"இத கொண்டுபோய் வெக்கப் போறியா?"

"ஆமா."

"வேண்டாம்டி. கேட்டா என்ன சொல்லுவே?"

"ஆரு கேப்பா? நான்தான் அதுன்னு சொல்லிட்டுத்தான கேக்கணும்?"

அவர் பொம்மையை எடுத்து மெஷின்மேல் வைத்தார். "வீடு போனா போகும்," என்றார். அவர் சொன்னது கேள்வியா பதிலா என்று எனக்குத் தெரியவில்லை. கேள்வியாகவே எடுத்துக்கொண்டேன்.

"போகட்டும்," என்றேன்.

கொண்டாட்டத்தன்று ஹாலில் நீள மேசை போட்டிருந்தார்கள். குரோஷா விரிப்பு, தெர்மோகோல் வள்ளம், காகித அன்னம் என்று வரிசையாக வந்துகொண்டிருந்தன. மூலைவீட்டுச் சேச்சி கசவுப் புடவையும் மல்லிகைச் சரமுமாக நின்று எல்லாவற்றையும் வாங்கி அடுக்கினார். நான் பொம்மையை நீட்டினேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கினார். கூடையின் கசவுக் கரைதான் அவர் கண்ணில் பட்டது.

"கொள்ளாம். பூக்கொட்ட நல்ல பங்கியுண்டு," என்றார். பங்கி என்றால் அழகு.

சொல்லிவிட்டு, அன்னத்தைத் தள்ளி வைத்து, பொம்மையை மேசையின் நட்டநடுவில், விளக்கு வெளிச்சம் விழும் இடத்தில் அவர் கையாலேயே நிறுத்தினார். நான் எவ்வளவோ திட்டம் போட்டிருந்தேன். இதை மட்டும் நான் நினைத்திருக்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றேன்.

முதலில் வந்தது மாஷ். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, குனிந்து, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பொம்மையிடம் வந்து நின்றார். இன்னும் குனிந்தார்.

"இது என்டெ செம்பருத்தியாணல்லோ!" என்றார் சத்தமாக.

பக்கத்தில் நின்ற நர்ஸ் அக்கா எட்டிப் பார்த்தார். "மாஷே, இது என்டெ வீட்டுக் கோளாம்பி!"

"சங்குபுஷ்பம் எங்கள்டெ!" என்று நூல்கடைக்காரரின் மனைவி.

கூட்டம் சேர்ந்தது. ஆளுக்கு ஆள் தங்கள் வீட்டுப் பூவைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை அது விளையாட்டாகத்தான் இருந்தது. யார் செய்தது, எவ்வளவு அழகு என்றுதான் பேச்சு. பிறகு மாஷ் கூடையிலிருந்து கண்ணை மெல்ல மேலே கொண்டுபோனார். குடை. தோர்த்து. நைட்டி. கொண்டை. அவர் நிமிர்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து அவர் உதடு துடித்ததை நான் பார்த்தேன்.

சிரிப்பை ஆரம்பித்து வைத்தது மூலைவீட்டுச் சேச்சியின் கணவர்தான். அவர் சுக்கு வியாபாரத் தரகர், பெரிய குரல், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பார்த்தார்.

"எடீ, இங்கோட்டு வா!" என்று மனைவியைக் கூப்பிட்டார். "இத நோக்கு! நின்டெ நைட்டி தன்னெ! குடையும் உண்டு!"

ஹால் முழுக்கச் சிரிப்பு உடைந்தது. பூக்களம் போட்ட பிள்ளைகள், தெர்மோகோல் வள்ளம் செய்த பெண்கள், சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த கிழவர்கள், எல்லோரும். அந்தக் கணவருக்கு மட்டும்தான் தான் என்ன சொன்னோம் என்று தெரியவில்லை. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவரும் சேர்ந்து இன்னும் பலமாகச் சிரித்தார்.

சேச்சி வந்தார். பொம்மையைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்ல முடியாது. கழுத்திலிருந்து சிவப்பு மேலேறி நெற்றிவரை போனது. பிறகு கூட்டத்துக்கு மேலாக என்னைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"இது ஆரா?" என்று கேட்டார்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். என் மகளின் கை என் கைக்குள் வியர்த்திருந்தது.

"ஓணத்துக்குப் பூப்பறிக்கப் போற ஒரு அம்மா, சேச்சி," என்றேன். "ஏன், உங்களுக்குத் தெரிஞ்ச ஆரையாவது மாதிரி இருக்கா?"

அவர் வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் அத்தனை இதழையும் நெருப்பில் சுருட்டினேன். அதை நான் அவசரமில்லாமல், முழுசாகப் பார்த்து அனுபவித்தேன். மாஷ் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒண்ணாம் சம்மானம் இதுக்கே கொடுக்கணும்," என்றார். மறுபடி சிரிப்பு. சேச்சி மல்லிகைச் சரத்தைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். அன்று சத்யா என்ற ஓண விருந்துக்கு இலை போட்டபோது அவர் இடம் காலியாக இருந்தது. பாயசம் யார் பரிமாறுவது என்று தெரியாமல் கொஞ்சம் குழப்பமானது.

மறுநாள் அவர் என் வீட்டுக்கு வந்தார். முதல்முறையாக வாசற்படி ஏறி வந்தார். நான் உட்காரச் சொல்லவில்லை.

"அந்தப் பாவையை எனக்குத் தா."

"எதுக்கு சேச்சி?"

"குட்டிகள் எல்லாம் வழியில என்னைக் கண்டா குடை, குடைன்னு விளிக்குது." தோளில் கிடந்த தோர்த்தை இழுத்துவிட்டுக்கொண்டார். "எனக்கும் நாணக்கேடு உண்டு. மதி, நிர்த்து."

போதும், நிறுத்து என்கிறார். எனக்கு இரக்கம் வரவேண்டிய இடம் அது என்று தெரிந்தது. வரவில்லை. அந்தக் கதவைச் சாத்திய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தரேன். என் மோள்கிட்ட சொல்லிட்டு எடுத்துட்டுப் போங்க."

"என்ன சொல்லணும்?"

"அந்தப் பூவை அவ எடுக்கலன்னு. ஆரு எடுத்தான்னு நீங்க சொல்ல வேண்டாம். அவ எடுக்கலன்னு மட்டும்."

முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். சாயங்காலம் மீண்டும் வந்தார். மகள் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே, அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "மோளே, அந்தப் பூ நீ எடுத்ததல்ல," என்றார்.

"எனக்கறியாம்," என்றாள் மகள், பென்சிலை நிறுத்தாமலே. எனக்குத் தெரியும் என்று அர்த்தம். நான் சொல்லிக் கொடுத்ததல்ல அது.

பொம்மையைக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் அதன் கையிலிருந்த கூடையை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டேன். "இது மோளோடது," என்றேன். அவர் பொம்மையைத் தோர்த்துக்கடியில் மறைத்துக்கொண்டு போனார். என்ன செய்தார் என்று தெரியாது. அடுப்பில் வைத்திருக்கலாம்.

அதற்குப் பிறகு விடியுமுன் பைப்படியில் நான் மட்டும்தான் நின்றேன். மாஷ் வீட்டுச் செம்பருத்தி செடியிலேயே வாடி உதிர்ந்தது. மகளிர் பிரிவுக்கு நர்ஸ் அக்கா செயலாளரானார். நாங்கள் நினைத்தது போலவே, சேச்சியின் ஆங்ஙள வந்து, வீட்டைப் புதுக்கிக் கட்டப்போவதாகச் சொல்லிக் காலி செய்யச் சொன்னார். இதுவரை ஒரு செங்கல்கூட மாற்றவில்லை. பூட்டித்தான் கிடக்கிறது. நாங்கள் இரண்டு சந்து தள்ளி, இன்னும் சின்னதாக ஒரு வீட்டுக்கு மாறினோம். மெஷினைப் போட்டால் பாய் விரிக்க இடமில்லை. என் கணவர் சில நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு ஒருநாள் லாரியில் உடன் வேலை பார்ப்பவர்களிடம் இந்தக் கதையை அவரே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

மூலைவீட்டுச் சேச்சியோடு சமாதானம் ஆகிவிட்டாயா என்று நர்ஸ் அக்கா பிளவுஸ் தைக்க வரும்போதெல்லாம் கேட்பார். வயசானவங்க, விட்டுக் கள, மறந்துடு என்பார். நான் அளவெடுத்துக்கொண்டே தலையை ஆட்டுவேன். கைக்கு எவ்வளவு, கழுத்துக்கு எவ்வளவு இறக்கம் என்று பேச்சை மாற்றுவேன்.

மீன் சந்தையில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் சேச்சியைப் பார்க்கிறேன். கொஞ்சம் இளைத்திருக்கிறார். என்னைக் கண்டதும் மீன்காரியிடம் ஏதோ விலை கேட்பது போலத் திரும்பிக்கொள்வார். நடுவழியில் நின்று, அவர் திரும்புகிற வரை நான் காத்திருப்பேன். அவர் என்னைச் சுற்றித்தான் போகவேண்டும். போகிறார்.